பாதசாரிகள்: ஒருவர்

போன மாதம் ஹரீஷ் எனக்குப் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பிரிவில் சேர்ந்த எஞ்சினியர். என் மகன் வயது. அதனால் 'செய்தான்' என்றே எழுதுகிறேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"ஒங்க பாலத்த இடிச்சிட்டு நாலு வழிப் பாலமா கட்டப் போறோம் மேடம்" என்றான்.

அரசாங்கத்தின் பாலம் எப்போது என்னுடையதானது என்று தெரியவில்லை. ஓய்வூதியத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"ஒரு வாரம் கேமரா வெச்சு எண்ணினோம் மேடம். இப்பல்லாம் ஆள் ஒக்காந்து கோடு போட வேண்டியதில்ல. கார், லாரி, பைக்குன்னு அதுவே பிரிச்சுடும். மனுசன் நடந்தாலும் சொல்லிடும்."

"எத்தன பேர் நடந்தாங்கன்னு சொல்லுச்சு?"

"அதுக்குத்தான் மேடம் போன் பண்ணேன். ஒருத்தருமே நடக்கல. நடைபாதையை எடுத்துட்டா செலவு மிச்சம்னு மேல சொல்றாங்க. முன்னாடி எதுக்கு வெச்சாங்கன்னு ஃபைல்ல ஒண்ணுமே இல்ல. ஒங்களக் கேட்டா தெரியும்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலில் எப்படி இருக்கும்? எங்கள் பழைய அதிகாரி டி.இ.யின் குடை பறந்துபோன கதையை எந்த ஃபைலில் எழுதுவார்கள்? நேரில் சொல்வதென்றால் அரை நாளாகும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதோ எழுதுகிறேன்.

நான் நகரிப் பக்கம் வேப்பம்பட்டடைக்காரி. எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் நிலம் என்று ஒரு பிடி மண் கிடையாது. நைனா அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டினார். பிறகு அரசாங்கம் ஒரு துண்டு மேட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்தது. அதில் வேர்க்கடலை போட்டு, ஒரு மாட்டு வண்டியும் வாங்கி, என்னைத் திருப்பதியில் பாலிடெக்னிக் சேர்த்தார். அங்கே மூன்று வருடம். முதல் வருடம் தெலுங்கு கற்றேன், இரண்டாம் வருடம் சிவில் கற்றேன். மூன்றாம் வருடம் முழுக்க, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு சிவில் என்று கேட்டவர்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லக் கற்றேன். மூன்றாவதுதான் வேலையில் அதிகம் பயன்பட்டது.

மாநில நெடுஞ்சாலைகளின் திட்டம் மற்றும் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவு என்று எங்கள் பிரிவுக்கு நீளமான பெயர். திருப்பதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள். சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னால், பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு முன்னால், அந்த வழியில் என்னென்ன போகிறது, எங்கே மோதுகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. சாலையோரம் கூடாரம் போட்டு, பலகையில் தாளைச் செருகி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. இப்படி இரவும் பகலும் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து கோடு போடுவதற்குத்தான் 'ஆராய்ச்சி' என்று பெயர்.

பிறகு எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவோம். லாரி என்றால் மூன்று கார். சைக்கிள் அரைக் கார். மாட்டு வண்டி எட்டுக் கார். மெதுவாகப் போய் எல்லோரையும் மறிப்பதால் அதற்கு அந்த மரியாதை. இதை நான் வீட்டில் சொன்னபோது நைனா மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு காரா? ஏழ அவுங்களே வெச்சிக்கட்டும். நமக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு" என்றார்.

நடந்து போகிற மனிதனுக்கு அந்த அட்டவணையில் மதிப்பே கிடையாது. அரைக் கார்கூட இல்லை. தலையை மட்டும் தனியாக எண்ணி, யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்தில் சேர்ப்போம்.

எங்கள் அதிகாரி சுப்பராயுடு சார். டெபுடி எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர், ஆபீசில் டி.இ. என்போம். காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்கு, மேலதிகாரி வந்தால் இங்கிலீஷ். எந்த நேரமும் கையில் மரக் கைப்பிடி போட்ட நீளமான கறுப்புக் குடை. கல்யாணத்தன்று காசிக்குக் கிளம்பிய மாப்பிள்ளையை வழிமறித்து மாமனார் கொடுத்த குடை அது என்று ஆபீசில் பேச்சு. அதற்குப் பிறகு அவர் காசிக்கும் போகவில்லை, குடையையும் கீழே வைக்கவில்லை.

முழு எண்ணைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு மணி நேரத்தில் இருநூறு பைக் என்று யாராவது எழுதிவிட்டால் போயிற்று. "இருநூறோட நின்னுடுச்சா? இருநூத்தி ஒண்ணாவது பைக்கு டீ குடிக்கப் போச்சா?" என்று கேட்டு, எழுதிய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கூடாரத்தில் உட்காராமல் லாட்ஜில் ஃபேன் போட்டுக்கொண்டு கோடு போடுகிற மகான்கள் நிறைந்த உலகம் அது. அதில் இவர் ஒருவர் எண்ணினதை மட்டும் எழுது என்று ஒற்றைக்காலில் நின்றார். எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி.

"கண்ணாரா சூசினாவா?"

கண்ணாரப் பார்த்தாயா என்று அர்த்தம். பார்த்தேன் என்றால் எழுது. கேள்விப்பட்டேன் என்றால் வாயை மூடு.

அவர் போட்ட இன்னொரு சட்டம், எண்ணுகிற வாரம் நார்மல் வாரமாக இருக்க வேண்டும் என்பது. திருவிழா கூடாது, மழை கூடாது, பந்த் கூடாது. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்பதிப் பக்கத்தில் நார்மல் வாரத்துக்கு எங்கே போவது? புரட்டாசியில் பிரம்மோற்சவம், தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் துணியோடு ரோடு முழுக்க நடந்து வருவார்கள். ஆடியில் திருத்தணிக்குக் காவடி. மார்கழியில் ஏகாதசி. கங்கம்மா ஜாத்திரை வந்தால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் புடவை கட்டிக்கொண்டு பைக்கில் போவார்கள், அவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? கோடையில் மாங்காய் லாரி. நாராயணவனத்தில் கல்யாண உற்சவம் என்றால் புத்தூர் வரை நெரிசல். சார் சுவர்க் காலண்டரில் இவற்றையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போவார். கடைசியில் மாவட்டத்தில் ஒருவருக்கும் வேலையில்லாத, சாமிகளே தூங்குகிற ஒரு வறண்ட வாரம் மிஞ்சும். அதுதான் நார்மல். அந்த வாரத்தில் கிடைத்த எண்ணை வைத்துத்தான் வருடம் முழுவதற்கும் ரோடு போட்டோம்.

இனி பாலத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோடு பஸ் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு ஆறு. வருடத்தில் பெரும்பாலும் மணல்தான். அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் மாடுகள் முத்தம் கொடுத்துக்கொள்ளும் அகலம். தொண்ணூறுகளில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். எங்களுக்குத் திறந்தது அந்தப் பாலம்தான். கிரானைட் லாரி, கன்டெய்னர், புதுக் கார் என்று எல்லாம் அதன் மேல் பாய்ந்து வந்தது. ஊரில் பையன்கள் மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். பெண்களுக்குத் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் முளைத்த தையல் கம்பெனியில் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி வேன் வரும். ஆனால் பாலத்தைத் தாண்டி ஊர்ப் பக்கம் வராது. அக்கரைப் புளியமரத்தடியில் நின்று ஹாரன் அடிக்கும்.

என் தங்கை சாந்தி அந்த வேனில் போகிறவள். ஆறு காய்ந்திருந்தால் மணலில் இறங்கி நடந்துவிடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தைவிட்டால் வழியில்லை. ஒரு மழைக்காலத்தில் லாரியில் தொங்கிய கயிற்றுக் கொக்கி அவள் டிபன் பையில் மாட்டி, அவளைச் சுவரில் எறிந்துவிட்டுப் போனது. காறை எலும்பு முறிந்தது. லாரி நிற்கவேயில்லை.

எலும்பு முறிந்தால் எங்கள் பக்கத்தில் ஸ்டேஷனுக்கு யார் போவார்கள்? புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். சாந்தியும் அப்படித்தான் வந்தாள். பிற்பாடு பாதுகாப்பு ஆய்வுக்காக நானே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து விபத்து விவரம் எடுத்தேன். அவர்கள் ரிஜிஸ்டர்படி அந்தப் பாலத்தில் ஒரு கீறல்கூட யாருக்கும் விழுந்ததில்லை. வீட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட தங்கையின் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே, விபத்து இல்லை என்று நான் தெலுங்கில் அழகாக எழுதினேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

கட்டைப் பிரித்ததும் சாந்தி மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தச்சது போதும். அடுத்த மழைக்குள்ள அந்தப் பாலத்துக்கு ஒரு வழி பண்ணலன்னா வேலைய வுட்டுட்டு ஊட்டோட கெட. ஒங்க அக்கா ரோடு ஆபீஸ்ல தான கீறா? அவள கேளு."

"அக்காவால முடியலன்னா நான் ஏன் வேலைய வுடணும்?" என்றாள் சாந்தி. "மொத மொதல்ல எங்கையில நானே சம்பாரிக்கிறேன். வுடமாட்டேன்."

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கடனில் புதுப் பாலம் என்று முடிவானது. வரைபடம் முதலில் என் மேஜைக்குத்தான் வந்தது. அகலமான, அழகான பாலம். லாரிகள் இன்னும் வேகமாகப் பறக்கலாம். ஓரத்தில் நடைபாதை மட்டும் இல்லை. பாதசாரி எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யப்படும் என்று ஒரு குறிப்பு. சரி, எண்ணினால் தெரிந்துவிடப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நார்மல் வாரம் வந்தது. பாலத்து முனையில் கூடாரம் போட்டோம். சார் தன் மடக்கு நாற்காலியில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாரம். பாதசாரிக் கட்டத்தில் ஒரு கோடுகூட விழவில்லை. ஆற்றில் மணல், அதனால் கம்பெனிப் பெண்கள் கீழே போய்விட்டார்கள், அது புரிந்தது. ஆனால் நாள் தவறாமல் பாலத்து மேலேயே ஆடு ஓட்டிப் போகிற பெரியவர்கூட, கூடாரத்தைப் பார்த்ததும் ஆடுகளோடு ஆற்றில் இறங்கிவிட்டார். வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன்.

"ஆமா, ரோட்டப் போட்டுட்டு காசு வாங்கப் போறாங்களாமே. டோல்கேட்டு. நடக்கிறவனுக்கும் ஆட்டுக்கும் கூட உண்டாமே. கூடாரம் போட்டு ஆள் எண்ணிக்கினு கீறாங்களேன்னு ஊரே கீழ எறங்கிப் போய்க்கினு கீது."

"ஐயோ, அங்க ஒக்காந்து எண்றது நான்தாம்மா!"

"நீதான். அதான் எங்களுக்கு இன்னும் பயம்."

மறுநாள் சாரிடம் சொன்னேன். சின்ன வயதிலிருந்து அந்தப் பாலத்தில் ஆட்கள் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"கண்ணாரா சூசினாவா?"

"சூசினானு சார். நானே நடந்திருக்கேன்."

"அது உன் பால்யம்மா. சர்வே காது, சர்வே ஆகாது." ஆனாலும் கொஞ்ச நேரம் குடைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "பயந்து ஒளிஞ்சா அதுவும் தப்புக் கணக்குதான். இன்னொரு நாள் எண்ணலாம்" என்று ஒத்துக்கொண்டார்.

நான் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: டோல்கேட் இல்லை, நடந்துபோகிறவர்களுக்குப் பாதை கட்டலாமா என்று பார்க்கிறார்கள், எப்போதும் போல நடங்கள். அந்த 'எப்போதும் போல' என்பது அம்மாவின் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் அரசாங்கம் தலையை எண்ணுகிறது என்றால் தலைக்கு ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். ரேஷன் கார்டும் பென்ஷனும் அப்படித்தானே வந்தன?

இரண்டாவது முறை எண்ணுகிற நாள் காலையில் போய்ப் பாலத்தைப் பார்த்தேன். ஊரே அதன் மேல் இருந்தது. கிழவர்கள் புது வேட்டியில் நடந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் நடந்தார்கள். அந்தப் பக்கம் போனவர்கள் புளியமரத்தைத் தொட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க் கட்சிக்காரர் ஒருவர், பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது போலப் பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் ஆட்களைக் கொண்டுவந்து பாலத்து முனையில் இறக்கினார். ஆளுக்கு ஒரு தக்காளி சாதப் பொட்டலம் வேறு. தின்கிறவர்கள் தின்றுகொண்டே நடந்தார்கள். லாரிகள் இரண்டு பக்கமும் நின்று அலறின.

கோடு போடுகிறவர்களுக்குக் கை வலித்தது. சார் மட்டும் குடைக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா முதல் தடவை தலையில் குடத்தோடு போனாள். அடுத்த தடவை விறகுக் கட்டு. அதற்கடுத்து முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கோழியோடு. பிறகு முக்காடு இல்லாமல் அதே கோழியோடு. சார் எழுந்து அவள் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, இந்தக் கோழிய நான் ஏற்கனவே எண்ணிட்டேன்."

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இது அதோட தங்கச்சி சார்" என்றாள்.

சார் திரும்பி வந்து தாள்களையெல்லாம் வாங்கிக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். கோபத்தில் தெலுங்கு வரும் என்று எதிர்பார்த்தேன், தமிழிலேயே பேசினார். "மொதல்ல எண்ணினது பயம். இன்னிக்கு எண்ணினது ஆசை. ரெண்டுலயும் நடக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியலம்மா. தெரியாதத நான் எழுத மாட்டேன்." போதிய விவரம் இல்லை என்று அறிக்கை போனது. விவரம் இல்லாத இடத்தில் நடைபாதையும் இல்லை. அன்று இரவு வீட்டில் அந்தக் கோழியைத்தான் குழம்பு வைத்தோம். சாந்தி என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

மழை வந்தது. சித்தூரில் கடைசிக் கூட்டம் நடப்பதற்குச் சில நாள் முன்னால், வேறொரு மதகைப் பார்க்க சாரும் நானும் காலையில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே படுத்திருந்தது. ஒரு வண்டி நுழைகிற சந்தில் மற்ற லாரிகள் ஒவ்வொன்றாக முண்டிக்கொண்டிருந்தன. ஆற்றில் இரு கரையும் தண்ணீர். சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடந்து தாண்டிடலாம். அந்தப் பக்கம் பஸ் புடிக்கலாம்."

அக்கரையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. சாந்தியும் பத்துப் பதினைந்து பெண்களும் பாலத்து முனையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பாலத்தில் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு ரவிக்கைக்குள் செருகுவார்கள், கயிறோ கொக்கியோ அதில் மாட்டக்கூடாது. டிபன் பாக்ஸ் மார்போடு. தாவணி இடுப்பில். கடைசியில் வருகிறவள் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டே வரவேண்டும். அவள் "வண்டி!" என்று கத்தினால் எல்லோரும் சுவரோடு ஒட்டி, முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று கடைசியில் வருகிறவள் சாந்தி.

சாரைப் பார்த்ததும் சாந்தி சொன்னாள். "சார், கொடைய மடக்கிக்கங்க."

"மழை பெய்யுதேம்மா."

"நனைஞ்சா காஞ்சிடும் சார்."

சார் மடக்கவில்லை. பாதிப் பாலம் போனோம். "வண்டி!" என்று சாந்தி அலறினாள். யாரோ என்னைச் சுவரில் அழுத்தினார்கள். யாரோ சாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு இழுத்தார்கள். லாரி எங்கள் முதுகில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு உரசினாற்போலப் போனது. அந்தக் காற்று இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது. கண் திறந்து பார்த்தபோது மாமனார் கொடுத்த குடை கம்பி கம்பியாகப் பிய்ந்து லாரியோடு தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குடை பிடித்த கையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு சார் சுவரில் ஒட்டியிருந்தார். அவர் சட்டையைப் பிடித்திருந்தது சாந்தி, கட்டுப் பிரித்த அந்தக் கையால்.

அக்கரைக்கு வந்ததும் புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பின்னலை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, எதுவும் நடக்காதது போல வேனில் ஏறினார்கள்.

"தெனமுமா?" என்று சாந்தியைக் கேட்டார்.

"இல்ல சார். தண்ணி வந்தா மட்டும். வடியற வரிக்கும்."

வேன் போன பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "எத்தன பேருன்னு எண்ணிட்டீங்களா சார்?"

அவர் குடை இல்லாத கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கண்ண மூடிக்கினேம்மா. கண்ணாரா சூடலேது."

கண்ணாரப் பார்க்கவில்லையாம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுஷன் தன் சட்டத்தை விடவில்லையே என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

சித்தூர்க் கூட்டத்துக்கு சூப்பரின்டெண்டிங் எஞ்சினியர் தலைமை. கடன் கொடுக்கிறவர்கள் சார்பில் டில்லியிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். விளக்கை அணைத்து, சுவரில் படம் காட்டிக்கொண்டே ஒவ்வொரு பாலமாகச் சொல்லிவந்தார். எங்கள் பாலம் வந்தது. வாகனங்கள் இவ்வளவு, விபத்து இல்லை, பாதசாரிகள் இல்லை, ஆகவே நடைபாதை தேவையில்லை. நாங்கள் எழுதிய 'விவரம் இல்லை' அவர் கையில் 'பாதசாரிகள் இல்லை' ஆகியிருந்தது. அடுத்த படத்துக்குக் கை போனபோது, இருட்டில் சுப்பராயுடு சார் எழுந்து நின்றார். கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ போல இருந்தது.

"பாதசாரி ஒருவர் உண்டு சார்" என்றார் இங்கிலீஷில்.

"ஒருவரா? யார்?"

"நான்."

யாரோ விளக்கைப் போட்டார்கள். சார் நடந்ததைச் சொன்னார். குடையையும் விடவில்லை, மாமனாரையும் விடவில்லை. கூட இருந்த பெண்கள் எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியாது, கண்ணை மூடியிருந்தேன், ஆனால் ஒருவர் நடந்தது உறுதி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகரும் சிரித்துக்கொண்டே, சராசரி வாரத்தில் ஒருவர் என்பது கணக்கிலேயே வராது என்றார்.

"நான் சராசரியில் வரவில்லை சார். பாலத்தில் வந்தேன்" என்றார் இவர்.

சிரிப்பு நின்றுவிட்டது. சூப்பரின்டெண்டிங் எஞ்சினியர் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். சார் விடவில்லை. "திருவிழா வேண்டாம், மழை வேண்டாம், நார்மல் வாரத்தில் எண்ணு என்று சட்டம் போட்டவன் நான். தண்ணீர் வந்தால்தான் அந்தப் பாலத்தில் மனிதர்கள் நடக்கிறார்கள். தண்ணீர் வந்தால் நாம் எண்ணுவதில்லை. அந்தச் சட்டத்தை இப்போது நானே எடுத்துவிடுகிறேன். நீங்கள் நடைபாதையை எடுக்காதீர்கள்."

ஒரு பக்கம் மட்டும் கொடுத்தார்கள். நியாயத்துக்காகக் கொடுத்தார்களா, ஒரு டி.இ.யின் குடையை லாரி கொண்டுபோன கதை மந்திரி வரை போகாமல் இருக்கக் கொடுத்தார்களா என்பதை நான் ஆராயவில்லை. எங்கள் ஊர்ப் பாதை வந்து சேருகிற ஓரத்தில், லாரி ஏற முடியாத உயரத்தில், இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் வந்தது. கட்டி முடிகிறவரை அம்மாவை இழுத்துப் பிடித்துச் சமாளித்தேன். சாந்தி வேலையை விடவில்லை.

புதுப் பாலத்தில் முதல் தண்ணீர் வந்த காலையில் நான் வேண்டுமென்றே ஊரில் தங்கினேன். சாந்தி முனையில் ஏறினாள். பழக்கத்தில் கை பின்னலுக்குப் போனது. எடுத்து முன்னால் போட்டாள். பிறகு பக்கத்தில் போகிற லாரியை ஒருமுறை பார்த்துவிட்டு, பின்னலைத் தூக்கி முதுகுப் பக்கம் வீசினாள். அது ஆடிக்கொண்டே போவதை அக்கரை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது வருட வேலையில் அதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் சார் இருந்தவரை நார்மல் வாரம் ஒன்று, மழை நாள் ஒன்று என்று இரண்டு முறை எண்ணினோம். அவர் ஓய்வு பெற்றதும் அந்த வழக்கமும் கூடவே ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது அவர் இல்லை. பழைய குடை போன பிறகு அவருக்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம், கடைசி வரை அதைப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன். போன வாரம் புயல் மழை பிடித்தது. ஆற்றில் தண்ணீர் என்று சாந்தி போனில் சொன்னதும் பஸ் ஏறிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மழை இல்லாத நாளில் அந்த நடைபாதையைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். பாதியில் வேர்க்கடலை காய்கிறது, மீதியில் பைக் நிற்கிறது. கேமராவிடம் நான் குற்றம் சொல்ல மாட்டேன். கம்பத்தில் அதைத் தேடினேன், காணவில்லை. ஹரீஷுக்குப் போன் போட்டேன்.

"மழை வருதுன்னு கழட்டிட்டோம் மேடம். நனைஞ்சா போயிடும், காஸ்ட்லி."

"சரி, நான் பாலத்து மேல நிக்கிறேன். நீ எழுதிக்கோ. பாதசாரி ஒண்ணு. நான்."

"மேடம், நீங்க ஒருத்தங்க மட்டும்னா..."

"அக்கா, ரெண்டுன்னு சொல்லு" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "ஒம் பின்னாலதான வந்துகினு கீறேன்."

சாந்தி இன்றைக்கு அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நரைத்த பின்னல் முதுகில்தான் கிடந்தது. அவளுக்குப் பின்னால், டிபன் பையை ஆட்டிக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு, லாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பெனிப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

"லைன்ல இரு ஹரீஷ்" என்றேன். கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.